காரணம்: மாடு

கீழ்நெல்லிப்பட்டு,
ஜவ்வாது மலை.
10-10-2024

அன்புள்ள மச்சான் விஜயராஜுக்கு,

மாமா அருணகிரி எழுதுவது. நானும் உன் அக்கா ஈஸ்வரியும் நலம். என் வலது முட்டி மட்டும் என்னைவிட்டுத் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீயும் கல்பனாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் ஊரில் டவர் பாறை மேல்தான் கிடைக்கும். பென்ஷன் வாங்க வருகிறவர்களை ரேகை மிஷினோடு வரிசையாகப் பாறைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்த ஒருவர் புதுச் சாமி என்று நினைத்துத் தேங்காயோடு வந்துவிட்டார்.

நிஜக் காரணம் வேறு. போன வாரம் தபால் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தக் கிளை ஆபீசுக்கு மாஸ்டரும் நான்தான், தபால்காரனும் நான்தான் என்பது உனக்குத் தெரியும்.

"போன மாசம் எத்தினி லெட்டர் வந்துச்சு?"

"நாலுங்க. மூணு பேங்க் நோட்டீசு."

"இன்னொண்ணு?"

"அது அட்ரஸ் மாறி வந்ததுங்க."

அவர் சிரிக்கவில்லை. இப்படியே போனால் ஆபீசை மூடிவிடுவார்கள். என் சொந்தத்தில் லெட்டர் எழுதக்கூடியவன் நீ ஒருவன்தான். மாதம் ஒன்றாவது எழுது. விஷயம் இல்லை என்று சொல்லாதே. உனக்குப் புது இன்ஜின் கொடுத்திருக்கிறார்களாம். டிரைவர் உட்காருமிடத்தில் ஏசியாம். பென்ஷன் வாங்க வருகிற பாஞ்சாலை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவரு டிரைவரா, பேங்கு மேனேஜரா?" என்கிறாள். அவளுக்காவது பதில் எழுது.

கடிதத்தை எதிர்பார்த்து, பாறை மேலிருந்து,
அருணகிரி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
24-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அக்காவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கி அனுப்பியிருக்கிறேன். வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

ஏசி இருப்பது உண்மை. காலை 6.40 பாசஞ்சருக்கு இந்த இன்ஜினைத்தான் மாட்டுகிறார்கள். ஓடும்போது சத்தமே இல்லை. ஆனால் நினைத்த இடத்தில் நின்றுவிடுகிறது. சிக்னல் பச்சையாக இருக்கும், கரண்ட் இருக்கும், திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். படித்து முடிப்பதற்குள் இன்ஜின் இழுப்பதை நிறுத்திவிடும். பிறகு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அசிஸ்டெண்ட் கீழே இறங்கி, இன்ஜினுக்கு அடியில் போய் ஒரு வால்வைத் திருக வேண்டும். திரும்ப ஏற்றினால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்புகிறது. பன்னிரண்டு நிமிஷம் போய்விடும். அணைத்து ஏற்றியதில் அதன் கம்ப்யூட்டர் எழுதி வைத்த கோளாறும் அழிந்துபோகிறது. ஷெட்டில் சோதித்தால் எல்லாம் சரி என்கிறார்கள்.

என் அசிஸ்டெண்ட் அன்பரசி, செங்கத்துப் பெண். மூன்று வருஷ சர்வீஸ். இந்த மாதம் மட்டும் நான்கு முறை அடியில் போய் வந்துவிட்டாள்.

ஷெட் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார். "இன்ஜின் பெயில்னு புக்ல எழுதாதீங்க சார். புது மாடலு, ஆரம்பத்துலயே பேர் கெட்டுடும். வேற காரணம் எதுனா போடுங்க." வேறு காரணம் என்ன போடுவது என்று தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி ஓட்டுவதற்கான பட்டியல் ஜூலையில் வருகிறது. பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கிறேன். இந்த நேரத்தில் அவர்களைப் பகைத்துக்கொள்ளவும் யோசனையாக இருக்கிறது.

முட்டிக்கு எண்ணெய் தேயுங்கள்.

தங்கள்,
விஜயராஜ்


கீழ்நெல்லிப்பட்டு,
6-11-2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன். முட்டி பளபளப்பாக வலிக்கிறது. அங்கே தீபாவளி எப்படி? இங்கே சாமை அறுப்பு நடக்கிறது. நான் அரிவாளோடு வரப்பில் நின்று யோசனை சொல்கிறேன். உன் அக்கா அறுக்கிறாள்.

உன் லெட்டரை நான்கு தரம் படித்தேன். பத்தொன்பது வருஷம் ரயில் ஓட்டியவனுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லையா? எங்கள் மலைக்கு பஸ் ஓட்டுகிற கோவிந்தனைப் பார். எட்டு மணி வண்டி ஒன்பதரைக்கு வரும். செக்கர் கேட்பார், "இன்னாய்யா லேட்டு?" "மாடு சார்." அவ்வளவுதான். செக்கர் எழுதிக்கொண்டு போய்விடுவார். கோவிந்தன் வழியில் அமிர்தியில் இரண்டு தோசை தின்று தூங்கி எழுந்து வந்தது எனக்கும் அவனுக்கும் தோசைக்கடைக்காரருக்கும்தான் தெரியும்.

மாட்டைப் போல ஒரு காரணம் உலகத்தில் இல்லை மச்சான். அதை விசாரணைக்குக் கூப்பிட முடியாது. விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடியாது. யூனியன் கிடையாது. வந்த தடம் தெரியாமல் போய்விடும். உன் புக்கில் எழுது: காரணம், மாடு. கட்டணம் வேண்டாம், இது மாமன் சீர்.

இனி மாடு பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்துடன்,
அருணகிரி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
12-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். கல்பனாவுக்குச் சளி. அக்காவின் பிரஷர் எவ்வளவு என்று எழுதவில்லையே.

உங்கள் யோசனை வேலை செய்கிறது. இதுவரை மூன்று மாடுகள். கண்ட்ரோலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார். மற்ற டிரைவர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஒரே இடத்தில் இரண்டு நாள் அடுத்தடுத்து மாடு போட்டுவிட்டார். இப்போது எந்தக் கிலோமீட்டரில் யாருடைய மாடு என்று ஓய்வறையில் பேசிவைத்துக்கொள்கிறோம்.

அன்பரசிக்குத்தான் பிடிக்கவில்லை. நேற்று கேட்டாள். "சார், நான் அடியில போய் கிரீஸ் பூசிக்கினு வர்றேன். நீங்க மாடுன்னு எழுதுறீங்க. அப்ப நான் இன்னாத்துக்குப் போனேன்?"

"ஜூலை வரைக்கும் பொறுத்துக்கோ" என்றேன்.

"ஜூலை வரைக்கும் இன்ஜின் பொறுத்துக்குமா சார்?"

நான் புக்கை மூடி வைத்தேன். கையெழுத்து என்னுடையதுதானே, அவளுக்கு என்ன வந்துவிடும்? மலையில் குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

விஜயராஜ்


கீழ்நெல்லிப்பட்டு,
17-1-2025

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. உடம்புக்குக் குறைவில்லை. உன் அக்காவுக்கு பிரஷர் நூற்று நாற்பது; அதில் பாதிக்கு நான் பொறுப்பு என்கிறாள். கல்பனாவுக்குச் சளி விட்டதா?

உன் லெட்டரைப் பாறை மேல் ரேகை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரகசியம் காக்க வேண்டிய உத்தியோகம் என்று எனக்கும் தெரியும். வாய் கேட்கவில்லை. பாஞ்சாலை சிரித்ததில் அவளுடைய ரேகையை மிஷின் ஏற்கவில்லை. மூன்று தரம் மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. இப்போது ஊரில் யார் எதற்குத் தாமதமானாலும், "இன்னா, மாடா?" என்றுதான் விசாரிப்பு. வாழ்க்கையில் முதல் தரம் நான் சொன்ன யோசனை ஒன்று ரயில் ஏறிப் போயிருக்கிறது. இரண்டு நாள் சட்டைப் பட்டன் போடாமல் நடந்தேன்.

மாடே போட்டுக்கொண்டிருந்தால் அலுத்துவிடும். நடுவில் எருமை, ஒரு செம்மறி மந்தை என்று போடு.

உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி பொய் எழுதுறான். நீ அதுக்குத் தாளம் போடுற. அந்தப் பொண்ணு கேட்டதுக்கு அவன் பதிலே எழுதலையே, பாத்தியா?" என்றாள். அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு. கல்யாணத்தின்போதே சந்தேகப்பட்டேன், என்னைப் பார்த்துச் சிரித்ததால் விட்டுவிட்டேன்.

உன் பட்டிக்குக் காவலாளி,
அருணகிரி


கீழ்நெல்லிப்பட்டு,
22-5-2025

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று நிஜமாகவே கேட்கிறேன். பிப்ரவரியில் ஒரு கார்டு வந்தது, மார்ச்சில் ஒன்று. அதன் பிறகு இல்லை. நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. பாறை மேல் ஏறி போன் செய்தால், "அப்புறம் பேசறேன் மாமா" என்கிறாய். இந்த முட்டியோடு நாற்பத்தைந்து நிமிஷம் ஏறியவனுக்கு மூன்று வார்த்தை.

புளி உலுக்கி முடித்தாயிற்று. பலா பழுக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றை உனக்கு கோவிந்தன் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். வரும் என்று நம்பாதே, அவன் தோசையோடு பலாவும் தின்பவன். உன் மாடுகளெல்லாம் சௌக்கியமா? எத்தனை ஆயிற்று?

பதில் போடு. ஆபீசுக்காக இல்லை.

அருணகிரி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
31-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பலா வந்தது. கல்பனா நலம். அக்கா மாத்திரை போடுகிறார்களா? வெயில் இங்கே அதிகம். அன்பரசி லீவில் இருக்கிறாள். இப்போது வேறு அசிஸ்டெண்ட் வருகிறார். வேலை ஓடுகிறது. உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஜயராஜ்


கீழ்நெல்லிப்பட்டு,
14-6-2025

மச்சான் விஜயராஜுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு தரம் விட்டுவிடுகிறேன்.

பாஞ்சாலை புளி போட செங்கம் மண்டிக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் நேராக ஆபீசுக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேச ஆரம்பிப்பவள், உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

"உன் மச்சான் வண்டில வேலை பாக்குற பொண்ணு வூடு மண்டிக்குப் பின்னாலதான் கீது. கையில கட்டு, தோள்ல கட்டு. நானு தெரியாத்தனமா, 'நீதானா அந்த மாட்டு வண்டிப் பொண்ணு'ன்னு சிரிச்சுக்கினே கேட்டுட்டேன். அவங்கம்மா என்னை வெளிய போன்னுட்டாங்க."

பிறகு அந்த அம்மாவே தெருவுக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் 28. இன்ஜின் நின்றது. அன்பரசி அடியில் போய்த் திரும்பும்போது விழுந்து வலது மணிக்கட்டும் தோள் எலும்பும் உடைந்தன. இப்போது அவள் மேலேயே மெமோ. டிரைவர் மாடு என்று சொல்லியிருக்கிறார், இன்ஜினில் கோளாறு இல்லை, அப்படியிருக்க இந்தப் பெண் தன்னிஷ்டத்துக்கு இறங்கினாள் என்று. புக்கைப் புரட்டினால் அந்த இன்ஜின் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நின்றதில்லையாம். விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும் என்கிறார்கள்.

இதைப் பாஞ்சாலை சொல்லும்போது வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். ஜனவரியில் உன் லெட்டரைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்த மாடு என்னுடையது. நான்தான் ஓட்டிவிட்டேன். என்ன நடந்தது என்று நீ எழுத வேண்டும்.

அருணகிரி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
25-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம்.

காலை 7.52. ஒரு சின்னப் பாலத்தின் மேல் நின்றது. அன்பரசியை இறங்கச் சொன்னது நான்தான். அவள் அடியில் இருக்கும்போது கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு ரேடியோவில் கேட்டார். "இன்னா சார், இன்னா ஆச்சு?" நான் யோசிக்கவே இல்லை. "மாடு" என்றேன். பதினொன்றாவது முறை. வாய்க்குப் பழகிவிட்டது.

அன்பரசியிடமும் அதே ரேடியோதான் இருந்தது. அடியில் குனிந்தபடியே அவளும் கேட்டிருக்கிறாள். "சார்" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பிறகு ஜல்லி சரிகிற சத்தம். எட்டடி கீழே ஓடையில் கிடந்தாள். வால்வைத் திருகிவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். நாங்கள் அவளைத் தூக்கிப் பெட்டியில் ஏற்றியதும் இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது.

மறுநாள் எழுத்தில் கேட்டார்கள். மாடு என்றால் உங்கள் அசிஸ்டெண்ட் ஏன் அடியில் போனார்? "எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் எழுதியதிலேயே பெரிய பொய். மாடு என்று எழுதியபோது யார் மேலும் பழி விழவில்லை; இது நேராக அவள் மேல் விழுந்தது.

விசாரணை ஜூலை 10. பட்டியலில் என் பேர் நான்காவதாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது போகும். புக்கில் பொய் எழுதியதற்குத் தண்டனை தனி. சொல்லாவிட்டால் அன்பரசி போவாள். கல்பனா, "உனக்கு இருவது வருஷம், அந்தப் பொண்ணுக்கு மூணு வருஷம்" என்கிறாள். கோபத்தில் சொல்கிறாளா, கணக்காகச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். மற்ற டிரைவர்கள், "நீ வாயத் தொறந்தா எங்க மாடெல்லாம் வெளிய வந்துடும்" என்கிறார்கள்.

என்ன செய்யட்டும் மாமா? சிரிக்காமல் ஒரு பதில் எழுதுங்கள்.

விஜயராஜ்


கீழ்நெல்லிப்பட்டு,
5-7-2025

தம்பி விஜயராஜுக்கு,

அக்கா ஈஸ்வரி எழுதறது. நான் நல்லா இருக்கேன். மாத்திரை போடுறேன். நீ சாப்புடுறியா? கல்பனாவத் திட்டாத. அவ பயப்படுறா.

உங்க மாமா எழுதுவாருன்னு காத்துக்கினு இருப்ப. ஒரு வாரமா உக்காந்து எழுதறாரு, கிழிக்கிறாரு. ஆபீசுல இன்லேண்டு லெட்டரு தீந்து பூடிச்சு. நான் கேட்டேன், இன்னா சொல்றதுன்னு தெரியலயான்னு. "தெரியும். ஆனா நான் சொல்லி அவன் ஒருக்கா கேட்டான் ஈஸ்வரி. இன்னொரு தபா நான் சொல்ல மாட்டேன்"னாரு. அதான் நான் எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா பாத்துப் படி.

போன செவ்வாக்கிழம அவரு செங்கம் போனாரு. முட்டி வலியோட ரெண்டு பஸ்சு மாறி. அந்தப் பொண்ணு வூட்டுக்கு வெறுங்கையோட போவக்கூடாதுன்னு சாமையும் தேனும் கட்டிக் குடுத்தேன். வாசல்லயே நின்னு, "மாடுன்னு சொல்லிக் குடுத்தது நான்தாம்மா"ன்னு சொல்லியிருக்காரு. அவங்கம்மா கதவ சாத்தப் போனாங்களாம். பொண்ணுதான் உள்ள வரச் சொல்லியிருக்கு.

அப்புறம் அன்பரசி சொல்லுச்சாம், "அவரு எனக்காக வேலைய விடணும்னு நான் சொல்லல. அவரு எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு. அன்னிக்கு ரேடியோல தப்பா சொன்னத ஒருக்கா சரியா சொன்னா போதும். நான் கீழ இருந்து கேட்டுக்கினு இருந்தேன்."

சாமைய வாங்கிக்கிச்சு. தேன வேணாம்னுடுச்சு. ஏன்னு இவருக்குத் தெரியல, எனக்கும் தெரியல.

அவ்ளோதான் தம்பி. இன்னா பண்ணனும்னு நான் சொல்லல. பத்தாந்தேதி காலைல சாப்புட்டுட்டுப் போ. வெறும் வயித்துல போனா உனக்குத் தலை சுத்தும், சின்னதுலேர்ந்து அப்படித்தான்.

அக்கா
ஈஸ்வரி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
16-7-2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். நலம். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

என் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மெயின் லைன் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து யார்டில் பெட்டிகளை இங்குமங்கும் தள்ளுகிறேன். அன்பரசியின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். அந்த மாடல் இன்ஜின்கள் ஆறையும் ஷெட்டில் நிறுத்தி, ஒயரிங் முழுவதையும் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரே ஒருவர் மட்டும் யார்டுக்குத் தேடி வந்து, தன்னுடைய தேதிகளையும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உட்காராமல் போய்விட்டார். கல்பனா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ராத்திரியில வூட்லயாவது இருப்ப" என்றாள்.

விசாரணையில் ரொம்ப நேரம் ஆகவில்லை. நான் சொல்லி முடித்ததும் அதிகாரி கேட்டார்.

"பதினொண்ணுல ஒண்ணாவது நிஜமா?"

"இல்ல சார்."

"அசிஸ்டெண்ட யாரு இறங்கச் சொன்னது?"

"நான்தான் சார்."

பிறகு அவர் இன்ஜின் புக்கை என் முன்னால் வைத்தார். நான் எழுதிய பதினொன்றையும் நானே அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடந்ததை எழுதச் சொன்னார். தேதி, நேரம், இடம், இன்ஜின் நின்றது, அசிஸ்டெண்ட் இறங்கிச் சரிசெய்தார். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் அசிஸ்டெண்ட் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் என்றார்.

அன்பரசி வந்து எதிரே உட்கார்ந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள், வலது கைவிரல்கள் இன்னும் பேனாவைப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் ரேகை போதும் என்றார் கிளார்க். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். முதல் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் வரியை ஒருமுறை முழுதாகப் படித்தாள். பேப்பர் நழுவாமல் நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

பதினொன்றும் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அங்கிருந்த யாரும் தாமதத்துக்குக் காரணம் கேட்கவில்லை.

தங்கள் தம்பி,
விஜயராஜ்